ஏழாவது தலை நிலுவையில் உள்ளது

எங்கள் நாட்டில் மாவீரர்களுக்குப் பஞ்சமே கிடையாது. அரசாங்கப் பட்டியலின்படி முந்நூற்றுப் பதினொரு பேர். அத்தனை பேரும் செத்துப் பல நூறு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் அவர்களைக் கவனித்துக்கொள்ள காவியப் பிரமுகர்கள் துறை என்று ஒன்று இருக்கிறது. சிலைகளின் மேல் உட்காரும் காக்கையை விரட்ட ஒரு பிரிவு. அவர்கள் செய்த சாகசங்களைப் பள்ளிக்கூடப் பாடத்துக்காகச் சுருக்க ஒரு பிரிவு. சுருக்கியதை விழா மேடைக்காக மறுபடி நீட்ட இன்னொரு பிரிவு.

நான் அந்தத் துறை ஊழியன் இல்லை. அதன் வாசலில் மடக்கு மேஜை போட்டு மனு எழுதிக் கொடுப்பவன். ஜனங்கள் பேசுவது உள்ளே இருப்பவர்களுக்குப் புரியாது, உள்ளே இருப்பவர்கள் எழுதுவது ஜனங்களுக்குப் புரியாது. நடுவில் இருபத்திரண்டு வருடமாக என் பிழைப்பு ஓடுகிறது. "மிகவும் பணிவுடன்" என்ற இரண்டு வார்த்தையை எழுதி எழுதியே என் கட்டைவிரல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

அலுவலகம் இருப்பது ஓர் ஆமை ஓட்டுக்குள். சாதாரண ஆமை அல்ல, ஏழு தலை ஆமை. முந்நூறு வருடத்துக்கு முன் இந்த ஊரை அது ஆட்டிப் படைத்திருக்கிறது. வருடத்துக்கு ஓர் ஆள் அதற்கு ஆகாரம். ஆமை என்பதால் மெதுவாகத்தான் வரும். மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் நுழையப் பதினொரு மாதம் ஆகும். தப்பி ஓட அவகாசம் தாராளமாக இருந்தது. ஆனால் ஊரை விட்டு ஓடுவதற்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், அது கைக்கு வரப் பன்னிரண்டு மாதம் ஆகும். கடைசியில் ஆமைவென்றான் என்ற மாவீரன் வந்து ஏழு தலைகளையும் வெட்டிச் சாய்த்தான். இது வரலாறு.

தலைகளைப் பண்டக அறையில் அடுக்கி வைத்தார்கள். ஓடு யாராலும் நகர்த்த முடியாத கனம். சும்மா கிடக்கிறதே என்று அதற்குள் அலுவலகத்தை வைத்தார்கள். முன்பக்கம் தலைகள் இருந்த ஏழு துவாரங்களில் ஆறை, மாவீரன் வெட்டிய இடம் என்று பித்தளைத் தகடு அடித்து மூடினார்கள். ஏழாவதுக்குப் பித்தளை போதவில்லை. அதனால் அங்கே ஒரு மரக்கதவு வைத்து, அதன் பின்னால் கண்காணிப்பாளரை உட்கார வைத்தார்கள். ஊழியர்கள் பின்பக்கம், வால் இருந்த வழியாகப் போய் வருவார்கள். ஜனங்களுக்கு அந்த ஏழாவது துவாரம்தான் எல்லாம்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தலைநகரத்திலிருந்து தணிக்கை அதிகாரி வந்து இறங்கினார். ஒல்லியான அம்மாள். கையில் அளவு நாடா, மூன்று பேனா. யாரிடமும் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். பிரச்சினையே அதுதான். மாவீரர்கள் செய்ததாகச் சொல்லப்படும் காரியங்கள் எல்லாம் விதிப்படி செய்யப்பட்டனவா என்று பார்க்கச் சொல்லி அவருக்கு உத்தரவு. அவர் நிஜமாகவே பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

முதலில் மாட்டியது மலை நகர்த்திய ராணி. தலைமுடி காய வெயிலை மறைக்கிறது என்று ஒரு மலையை மேற்கே தள்ளி வைத்தவள். தள்ளுவதற்கு முன் அனுமதி வாங்கவில்லை என்று தெரியவந்தது. முப்பது நாளுக்குள் மலையைப் பழைய இடத்தில் வைக்கும்படி அவள் சிலையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். சிலை பதில் சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்று பதிவாகி, மலை பழைய இடத்துக்கு வந்துவிட்டதாக வரைபடம் திருத்தப்பட்டது. இப்போது எங்கள் ஊர் பஸ் இல்லாத மலையைச் சுற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் தாமதமாக வருகிறது.

அடுத்து தூங்காத தளபதி. கோட்டை வாசலில் நாற்பது வருடம் கண் இமைக்காமல் நின்றவர். ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை என்பது கண்டுபிடிக்கப்பட்டு, அத்தனை விடுப்பும் சேர்த்து வழங்கப்பட்டது. நாற்சந்தியில் நின்ற அவர் சிலையை இறக்கி மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு ஊர் இளவட்டங்கள் நடுரோட்டில் படுப்பதை நாகரிகமாக்கிக்கொண்டார்கள். கேட்டால், "தளபதி ஸ்டைல்" என்கிறார்கள்.

இதையெல்லாம் பார்த்து நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆமைவென்றானின் முறை வந்தது. பண்டக அறைச் சோதனைக்கு வெளியாள் ஒருவர் சாட்சி வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். காய்ந்த சுள்ளிக் கட்டுகளுக்கும் உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவில் தலைகள் தூசி படிந்து கிடந்தன.

"ஆறுதான் இருக்கு," என்றார் தணிக்கை அம்மாள்.

"ஏழு மேடம்," என்றார் பண்டகக் காப்பாளர்.

"எண்ணிக் காட்டுங்க."

அவர் எண்ணினார். ஆறு. அந்தக் கோடியிலிருந்து எண்ணினார். அப்போதும் ஆறு.

"எலி தின்னிருக்கும் மேடம்."

"தின்னதுக்கு எலிகிட்ட எழுதி வாங்கினீங்களா?"

"இல்ல மேடம்."

"அப்ப தின்னல."

பிறகு அவர் நிதானமாக யோசித்தார். ஆறு தலை வெட்டுப்படுவதைப் பக்கத்திலிருந்து பார்க்கும் ஏழாவது தலை என்ன செய்யும்? ஆமையின் தலை அல்லவா, உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். இழுத்துக்கொண்டதை வெட்டியிருக்க முடியாது. வெட்டாதது சாகாது. "மேற்படி ஆமை ஏழில் ஒரு பங்கு உயிருடன் இருப்பதாகவும், அதன் ஏழாவது தலை நிலுவையில் இருப்பதாகவும் கருதப்படுகிறது" என்று அறிக்கை எழுதினார். நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து அழகாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். அந்த வாயை இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆமை உயிரோடு இருக்கும்வரை வருடம் ஓர் ஆள் அனுப்ப வேண்டும் என்ற பழைய ராஜ உத்தரவை யாரும் ரத்து செய்திருக்கவில்லை. ஏழில் ஒரு பங்கு ஆமைக்கு ஏழில் ஒரு பங்கு ஆள் போதாதா என்று கமிட்டி கூடிப் பேசியது. ஆளில் எந்தப் பங்கு என்பதில் மூன்று நாள் சண்டை. இடது கால் என்றது ஒரு கோஷ்டி, வலது கால் என்றது இன்னொரு கோஷ்டி. கடைசியில் விதிப்புத்தகம் கைகொடுத்தது: ஒன்றுக்குக் குறைந்த எதுவும் ஒன்றாகவே கொள்ளப்படும். ஆக முழு ஆள். கமிட்டிக்கு அப்பாடா என்று இருந்தது.

யாரை அனுப்புவது என்பதில் குழப்பமே இல்லை. ஆமை வீட்டு வரிசைப்படி தின்றது. கடைசியாகத் தின்றது பூட்டுத் தெரு மூன்றாம் எண். அடுத்தது நாலாம் எண்.

நாலாம் எண்ணில் இருந்தது என் மச்சினன். என் மனைவியின் ஒரே தம்பி. பூட்டு ரிப்பேர்க்காரன். ஜன்னல் வெளிச்சம் சாவிக்கு அரம் போட வசதியாக இருக்கிறது என்று இரண்டு மாதத்துக்கு முன்தான் அங்கே குடிபோயிருந்தான்.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தான்.

"மாமா, இதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்க. நான் படிச்சதும் நிஜமும் ஒண்ணா இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே வந்தேன்."

நான் படித்தேன். "தாங்கள் வருகிற இருபத்தோராம் தேதி காலை பதினொரு மணிக்கு, குளித்துச் சுத்தமாக, அடையாள அட்டையுடன் நேரில் ஆஜராகி உண்ணப்பட வேண்டியது. தவறினால் தங்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்."

"தின்னறதை விடக் கடுமையா என்ன மாமா எடுப்பாங்க?"

"எனக்கும் தெரியலடா," என்றேன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டில் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "ஊருக்கெல்லாம் மனு எழுதறீங்க. என் தம்பிக்கு ஒண்ணு எழுதிக் காப்பாத்த முடியலன்னா அந்தப் பேனாவை ஒடிச்சுப் போட்டுருங்க. அம்மா போனப்புறம் அவனை இடுப்புல தூக்கி வளத்தவ நான்."

அவள் அழுது முடிக்கவில்லை, அதற்குள் எதிர்வீட்டம்மாள் சிரித்த முகமாக வந்து நின்றாள். "முந்நூறு வருஷத்துக்கு அப்புறம் உங்க வீட்டுப் பிள்ளைக்கு வந்திருக்கு பாருங்க! குடுத்து வச்சவங்க!" பூட்டுத் தெரு ஐந்தாம் எண்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஒரு வீடு தள்ளிப்போச்சு சார்," என்று வயிறெரிந்தார். ஒரே வாரத்தில் ஊரே ஆமைமயமாகிவிட்டது. தையல்காரர் முதுகில் ஓடு வைத்த கோட்டுத் தைத்தார். முடிவெட்டும் கடையில் "உண்ணப்படுவோர் கிராப்பு" என்று போர்டு தொங்கியது. படித்தவர்கள் வேகமாக நடப்பதை விட்டார்கள். மச்சினனுக்கு ஓட்டுக் கோட்டு ஒன்று இலவசமாகக் கிடைத்தது. அவன் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றதைப் பார்த்தேன்.

"நல்லாதான் இருக்கு, இல்ல மாமா?" என்றான். உடனே முகம் சுருங்கிப்போய்க் கழற்றி வைத்தான்.

நான் மனு எழுதினேன். என் ஆயுளில் அப்படி எழுதியதில்லை. மிகவும் பணிவுடன் என்று எழுதும்போது நிஜமாகவே பணிந்தேன். பதினொரு மணிக்கு மரக்கதவு திறந்தது. கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்து, "அடுத்து!" என்றார்.

"சார், என் மச்சினனுக்கு விலக்கு வேணும்."

"பாதிக்கப்பட்டவர்தான்யா மேல்முறையீடு பண்ண முடியும். அவரை ஆமை தின்னுடுச்சா?"

"இன்னும் இல்ல சார்."

"அப்ப இன்னும் பாதிக்கப்படல. தின்னப்புறம் வந்து மனு குடுக்கச் சொல்லு."

மறுநாள் வேறு மாதிரிப் போனேன். ஆமை செத்துவிட்டதாகச் சான்றிதழ் கொடுங்கள் என்றேன்.

"யாருக்குய்யா சான்றிதழ்?"

"ஆமைக்கு."

"அப்ப ஆமை வரட்டும்," என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்று நாள்தான் பாக்கி. விதிப்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பசி தெரியவில்லை. நூற்றுப் பதினாலாம் விதியில் ஒரு வரி கண்ணில் பட்டது: வழங்கப்படும் எந்தப் பொருளையும் பெற்றுக்கொள்பவரின் அடையாளம் நேரில் சரிபார்க்கப்பட வேண்டும். இந்தத் தடவை மனுவைக் கண்காணிப்பாளரிடம் கொடுக்கவில்லை. தணிக்கை அம்மாளிடம் கொடுத்தேன். தின்னப்போகிற தலையைக் காட்டுங்கள், காட்டாமல் ஆளைக் கொடுக்க முடியாது. இவ்வளவுதான் மனு. எங்கேயிருந்து காட்டுவார்கள்? இல்லாத தலை அல்லவா? எனக்குச் சிரிப்பே வந்தது.

அம்மாள் இரண்டு தடவை படித்தார். "சரியான ஆட்சேபம். நேரில் வந்து சரிபார்க்கிறேன்," என்றார்.

இருபத்தோராம் தேதி ஓட்டுக்கு முன்னால் ஊரே கூடியது. பாதிப் பேர் முதுகில் ஓடு. மச்சினன் குளித்துச் சுத்தமாக, அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் இன்னொரு கையை என் மனைவி விடவேயில்லை. தணிக்கை அம்மாள் பதிவேட்டைத் திறந்து ஆறு பித்தளைத் தகடுகளையும் தட்டிப் பார்த்து ஆறு டிக் அடித்தார். ஏழாவது துவாரத்துக்கு எதிரே போய்க் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மணி பதினொன்று. மரக்கதவு திறந்தது. தலை வெளியே வந்தது. "அடுத்து!" என்றது.

அம்மாள் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். "காலை பதினொரு மணி. ஏழாம் துவாரத்திலிருந்து தலை வெளிவந்தது. உயிருடன் உள்ளது."

"மேடம், நான் கண்காணிப்பாளர்!"

"துவாரத்துல இருந்து வந்தது உங்க தலைதானே?"

"என் தலைதான். ஆனா நான் ஆமை இல்லையே!"

"அதை நான் முடிவு பண்ண முடியாது. ஆவணம்தான் முடிவு பண்ணும்." அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இந்தத் தலை எப்படிப்பட்டதுன்னு பொதுமக்கள் சொல்லலாம்."

யாரோ ஒருவர், "கூட்டத்தைப் பாத்தா உள்ள இழுத்துக்கும் மேடம்," என்றார். "ரொம்ப மெதுவா அசையும்," என்றார் இன்னொருவர். பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் கைத்தடியைத் தூக்கினார். "எதை நீட்டினாலும் வாங்கி உள்ள போட்டுக்கும். எங்கப்பா குடுத்த மனு போச்சு. நான் குடுத்தது போச்சு. என் பையன் குடுத்ததும் போச்சு. ஒண்ணுகூட வெளிய வந்ததில்ல."

அம்மாள் கடைசி டிக்கை அடித்தார். "அடையாளம் சரிபார்க்கப்பட்டது. இனி ஆட்சேபம் இல்லை." என் பக்கம் திரும்பி, "உங்க மனுவுக்கு நன்றி," என்றார். இல்லாத தலையை நானே தேடிப் பிடித்துக் கொடுத்துவிட்டேன்.

கண்காணிப்பாளருக்கு வியர்த்துக் கொட்டியது. "மேடம், நான் எப்படி மேடம் ஒரு ஆளைத் தின்ன முடியும்? எனக்குப் பல்லே கட்டுப்பல்லு! கஞ்சியே வடிகட்டித்தான் குடிக்கிறேன்!"

"அப்ப விலக்கு கேட்டு மனு குடுங்க."

"யாருகிட்ட?"

"கண்காணிப்பாளர்கிட்ட."

அவர் அழுதுவிட்டார். அம்மாளுக்கும் கொஞ்சம் மனசு இளகியதோ என்னவோ, பதிவேட்டைப் புரட்டினார். "மெல்லணும்னு விதியில இல்ல. துவாரம் வழியா உள்ள போனா போதும். உள்ள போனா உண்ணப்பட்டதா அர்த்தம்."

கூட்டம் மச்சினனைத் தூக்கியது. என் மனைவி அலறினாள். அவன் கால்கள் மரக்கதவுக்குள் போவதை நான் பார்த்தேன். உள்ளே ஒரு நாற்காலி விழும் சத்தம், பிறகு அவன் குரல்: "மாமா, அக்காகிட்ட சொல்லுங்க! எனக்கு ஒண்ணும் ஆகல! இங்க ஃபேன் ஓடுது!"

ஊர் சந்தோஷத்தில் கத்தியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. மனைவி அந்த ஓட்டையே கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். வாழ்நாளில் ஓர் அலுவலகத்தை அன்பாகத் தொட்டவர்கள் இரண்டு பேர் இருந்தால் அவள் ஒருத்தி.

அதன்பிறகுதான் ஒரு சிறிய கேள்வி கிளம்பியது. உண்ணப்பட்ட ஆளை என்ன செய்வது? அவன் வால் வழியாக வெளியே வரலாமா? தணிக்கை அம்மாள் ஒரு வாரம் யோசித்து விளக்கம் அனுப்பினார். ஒரு ஜீவன் தின்றது அதன் உடம்போடு சேர்ந்துவிடும். சேர்ந்ததைப் பிரிக்க முடியாது. ஆகவே மேற்படி நபர் உண்ணப்பட்ட தேதியிலிருந்து அலுவலகத்தின் அங்கமாகக் கருதப்படுவார். அங்கத்துக்கு ஒரு மேஜை, ஒரு நாற்காலி, படுக்க ஒரு மூலை, ஓய்வு பெறும் வயது எல்லாம் உண்டு.

விஷயம் வெளியே தெரிந்த அன்று காலை என் மேஜைக்கு முன்னால் நின்ற வரிசை பஸ் நிலையம் வரைக்கும் போனது. எல்லோருக்கும் ஒரே மனு: "மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்வது யாதெனில், என்னையும் தின்னும்படி." பொறியியல் படித்தவர்கள் வந்தார்கள். வாத்தியார் வந்தார். ஐந்தாம் எண்காரர் வீட்டு வரிசைப்படி அடுத்தது தான்தான் என்று எல்லோரிடமும் சண்டை போட்டார். ஆமையின் கொடுமையைப் பற்றி வருடா வருடம் மேடையில் முழங்கும் சொற்பொழிவாளர்கூட ஓட்டுக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றார். முந்நூறு வருடத்துக்கு முன் அந்த மாவீரன் மட்டும் கொஞ்சம் பொறுத்திருந்தால் ஊரே உள்ளே போய் நிம்மதியாக இருந்திருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். ஆமைவென்றான் சிலை மேல் இரண்டு தடவை தார் ஊற்றினார்கள்.

கண்காணிப்பாளர் தான் வெட்டப்பட வேண்டிய தலை என்ற பயத்திலேயே நீண்ட விடுப்பில் போய்விட்டார். துவாரத்துப் பக்கத்தில் உட்காரவே உள்ளே மற்றவர்கள் நடுங்கினார்கள். மச்சினன் ஏற்கெனவே தின்னப்பட்டவன், அவனுக்கு என்ன பயம்? பொறுப்பை அவனிடம் கொடுத்தார்கள். முதல் மாதம் கதவைத் திறந்ததும், "மாமா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான். இரண்டாவது மாதம் தலையை மட்டும் ஆட்டினான். மூன்றாவது மாதத்திலிருந்து எனக்கும், "அடுத்து!"

மனைவி அவனைப் பார்த்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. நேற்றுக் காலை பெரிய டிபன் காரியரில் அவனுக்குப் பிடித்ததை எல்லாம் கட்டிக்கொடுத்து என்னை அனுப்பினாள். பதினொரு மணிக்குக் கதவு திறந்தது.

"டேய், அக்கா உன்னைப் பாக்கணுங்கறா."

"என்ன விஷயமா?" என்றான்.

"என்ன விஷயமாவா? உன் அக்காடா!"

"வாயால சொன்னா நான் என்ன பண்றது? எழுதிக் குடுங்க. பரிசீலிக்கிறோம்." காரியரை வாங்கி உள்ளே போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினான். அவனுடைய கன்னம் முன்பைவிடத் தொங்கிப்போயிருந்தது. நான் என்னென்னவோ செய்து அவனைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆமை அவனைத் தின்றுதான் விட்டது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை. என் பேனாவையும் தாளையும் எடுத்து வந்து எனக்கு முன்னால் வைத்தாள்.

"என்னையும் தின்னச் சொல்லி ஒண்ணு எழுதுங்க. உள்ள போனாலாவது அவன் மூஞ்சியப் பாக்கலாம்ல."

நான் எழுதினேன். மிகவும் பணிவுடன் என்று ஆரம்பித்துக் கடைசி வரை ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி, நாலாயிரத்து இருநூற்றுப் பதினேழு என்று வரிசை எண் போட்டேன்.

"உங்களுக்கு?" என்றாள்.

"எனக்கென்ன, நான் வெளியவே இருந்துக்கறேன்," என்றேன்.

என் மனுவை ஐந்து மாதத்துக்கு முன்பே கொடுத்துவிட்டேன். வரிசை எண் ஒன்று.